வகுப்பில் வாய் திறக்காத பிள்ளை: எதை முதலில் செய்வது, எதற்குப் பணம் கட்டக்கூடாது

"பாப்பா வகுப்பில் வாயே திறப்பதில்லை சார். கொஞ்சம் தன்னம்பிக்கை வளர்த்துவிடுங்கள்."

என் பெரிய மகள் இரண்டாம் வகுப்பு படிக்கும்போது, காலாண்டுத் தேர்வு முடிந்து முன்னேற்ற அட்டையில் கையெழுத்துப் போடப் போன அன்று ஆசிரியை என்னிடம் சொன்னது இது. ஏதோ உரம் வாங்கிப் போட்டால் வளர்ந்துவிடும் செடிபோலச் சொன்னார். நானும் அப்படியே நம்பிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அடுத்த ஆறு மாதம் நான் செய்ததெல்லாம் தப்பு. ஆளுமை வளர்ச்சி வகுப்பு ஒன்றில் 4,500 ரூபாய் கட்டிச் சேர்த்தேன். காலையில் பல் துலக்கியதும் கண்ணாடி முன் நிற்கவைத்து "என்னால் முடியும்" என்று பத்து முறை சொல்லச் சொன்னேன். உறவினர் வந்தால் குறள் சொல்லச் சொல்லிக் கூடத்தின் நடுவில் நிறுத்தினேன். அவள் இன்னும் சுருங்கினாள்.

மார்ச் மாதம் அப்பத்தாவுக்குக் கண்புரை பார்க்கப் போன இடத்தில், வந்ததுதான் வந்தோம் என்று இவளையும் காட்டினோம். இரண்டு கண்ணிலும் கிட்டப்பார்வை, மைனஸ் 2.25. கரும்பலகையில் எழுதியிருப்பது எதுவும் அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை. "பலகையைப் பார்த்து வாசி" என்று எழுப்பியபோதெல்லாம் அவள் எதை வாசிப்பாள்? எல்லோருக்கும் இப்படித்தான் மங்கலாகத் தெரியும்போல, தனக்கு மட்டும்தான் வாசிக்க வரவில்லை என்று அவள் நினைத்திருக்கிறாள்.

கண்ணாடி போட்டதும் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தோம். ஆகவில்லை. அதற்குள் வகுப்பில் அவளுக்கு "ஊமைக்கோட்டான்" என்று பெயர் விழுந்திருந்தது, பேசாமல் இருப்பது பழகியும் போயிருந்தது. காரணம் ஒன்று, அதன்மேல் படிந்த பழக்கம் ஒன்று என இரண்டு அடுக்கு. இரண்டையும் தனித்தனியாக எடுக்க வேண்டியிருந்தது. அதற்கு இன்னும் பத்து மாதம் பிடித்தது. ஐந்து முதல் ஒன்பது வயது வரை உள்ள பிள்ளைகளின் பெற்றோருக்காக, நான் பட்ட வரிசையில் அல்ல, பட்டிருக்க வேண்டிய வரிசையில் எழுதுகிறேன்.

1. முதல் இரண்டு வாரம் வெறுமனே கவனியுங்கள்

ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். பிள்ளையிடம் எதுவும் சொல்ல வேண்டாம். தினமும் இரவு நான்கு வரி எழுதினால் போதும்: இன்று எங்கே பேசினாள், யாரிடம் பேசினாள், எங்கே நின்றுவிட்டாள், அதற்குச் சற்று முன் என்ன நடந்தது.

"கூச்ச சுபாவம்", "பயந்த பிள்ளை" என்றெல்லாம் எழுதாதீர்கள். அது உங்கள் முடிவு. நடந்ததை மட்டும் எழுதுங்கள். "தெருவில் நான்கு பேருடன் நொண்டி விளையாடும்போது சத்தம் போட்டுச் சண்டை பிடித்தாள். மாமா வந்ததும் வாய் மூடினாள்." இப்படி. பதினான்கு நாள் கழித்துப் புரட்டினால் ஒரு வடிவம் தெரியும். எல்லா இடத்திலும் பேச்சு குறைவா? பள்ளியில் மட்டுமா? குறிப்பிட்ட பாடவேளையில் மட்டுமா? திங்கட்கிழமைகளில் வயிற்றுவலியா? சில சொற்களைச் சொல்லும்போது மட்டும் தடுமாற்றமா? ஒவ்வொன்றும் வேறு வேறு கதவுக்குப் போகும் வழி.

கூடவே ஒரு காரியம் செய்யுங்கள். வீட்டில் அவள் இயல்பாகப் பேசிச் சிரிப்பதைக் கைப்பேசியில் இரண்டு நிமிடம் பதிவு செய்து வையுங்கள். பின்னால் மருத்துவரோ பேச்சுப் பயிற்சியாளரோ பார்க்கும்போது, அவர்கள் முன்னால் இவள் வாயே திறக்க மாட்டாள். அந்த இரண்டு நிமிடப் பதிவு இல்லாததால் எங்களுக்கு ஒரு முழு அமர்வு, 500 ரூபாய், வீணாயிற்று.

2. கண், காது, ரத்தம்: மூன்றையும் முதலில் பார்த்துவிடுங்கள்

இந்தப் படியை முடிக்கும்வரை வேறு எதற்கும் பணம் செலவழிக்காதீர்கள். நான் அடித்துச் சொல்வது இது ஒன்றைத்தான்.

கண்: "நன்றாகத்தானே டிவி பார்க்கிறாள்" என்பது பரிசோதனை ஆகாது. டிவியின் பக்கத்தில் போய் உட்கார்ந்துதான் பார்க்கிறாள். சிறு பிள்ளைகளுக்குக் கண்ணில் சொட்டு மருந்து விட்டு, கண்மணி விரிந்த பிறகே பவர் கணக்கிடுவார்கள். மருந்து விடாமல் கணக்கிட்டால் அளவு தவறிப்போகலாம். எனவே கண்ணாடிக் கடையில் இயந்திரத்தில் முகத்தை வைத்துப் பார்த்து முடித்துவிடாமல் கண் மருத்துவரிடம் போங்கள். சொட்டு மருந்துக்கு அரை நாள் ஆகும். அன்றும், சில சமயம் மறுநாளும், கிட்டத்தில் உள்ள எழுத்து மங்கலாகத் தெரியும், வெயில் கூசும். ஆகவே தேர்வுக்கு முந்தைய நாள் போகாதீர்கள். சனிக்கிழமை காலை சரியாக இருக்கும். எங்களுக்குப் பரிசோதனையும் கண்ணாடியும் சேர்த்து 1,350 ரூபாய் ஆயிற்று. உடையாத பிளாஸ்டிக் வில்லை, காதைச் சுற்றிப் பிடிக்கும் சட்டம் வாங்குங்கள். எவ்வளவு நல்ல சட்டமாக இருந்தாலும் இரண்டாம் மாதத்தில் அதன்மேல் யாராவது உட்கார்ந்துவிடுவார்கள். பவர் எழுதிய சீட்டைப் புகைப்படம் எடுத்து வையுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை மறுபடி காட்டுங்கள். இந்த வயதில் பவர் ஏறும்.

காது: அடிக்கடி சளி பிடிக்கும் பிள்ளைகளுக்கு நடுச்செவியில் நீர் கோத்துக்கொள்ளும். வலி இருக்காது. ஆனால் தண்ணீருக்குள் தலையை வைத்துக் கேட்பதுபோல மந்தமாகக் கேட்கும். ஒரு வாரம் கேட்கும், ஒரு வாரம் கேட்காது. பார்ப்பவர்களுக்கு அது "கவனமில்லாத பிள்ளை". காது மூக்கு தொண்டை மருத்துவர் ஒருமுறை உள்ளே பார்க்கட்டும். தேவைப்பட்டால் ஆடியோகிராம் என்ற கேட்கும் திறன் பரிசோதனைக்கு எழுதித் தருவார். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இது செலவில்லாமல் முடியும். புறநோயாளிச் சீட்டுக்குக் காலையிலேயே போய் வரிசையில் நிற்க வேண்டும், அவ்வளவுதான்.

ரத்தம்: ஹீமோகுளோபின் மட்டும் பார்த்தால் போதும். 5 முதல் 11 வயது வரை 11.5 கிராமுக்குக் கீழே இருந்தால் ரத்தசோகை என்று கணக்கு. சோர்ந்த பிள்ளை கையைத் தூக்காது. பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் பள்ளியில் குடற்புழு மாத்திரை தருவார்கள். அன்று விடுப்பு எடுத்திருந்தால் விடுபட்டவர்களுக்குத் தரும் நாளில் கேட்டு வாங்குங்கள். தூக்கத்தையும் இங்கேயே சேர்த்துக்கொள்ளுங்கள். ஆறு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைக்கு 9 முதல் 12 மணி நேரம் தேவை. இரவு பதினொரு மணிவரை டிவி தொடர் பார்க்கிற வீட்டில் காலை ஆறரைக்கு எழும் பிள்ளைக்கு எவ்வளவு கிடைக்கிறது என்று கூட்டிப் பாருங்கள். எங்கள் வீட்டில் ஏழரை மணி நேரம்.

அரசுப் பள்ளி, அரசு உதவிபெறும் பள்ளிப் பிள்ளைகளுக்கு இன்னொரு வழியும் உண்டு. 2013-இல் தொடங்கிய தேசிய சிறார் நலத் திட்டத்தின்கீழ் நடமாடும் மருத்துவக் குழு ஆண்டுக்கு ஒருமுறை பள்ளிக்கே வரும். அவர்கள் சந்தேகப்பட்டால் மாவட்டத்தில் உள்ள ஆரம்பநிலை இடையீட்டுச் சேவை மையத்துக்கு எழுதி அனுப்புவார்கள். டி.இ.ஐ.சி. என்று கேட்டால்தான் பலருக்குப் புரியும். பெரும்பாலும் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை அல்லது மாவட்டத் தலைமை மருத்துவமனை வளாகத்தில் இருக்கும். குழு எப்போது வருகிறது என்று தலைமை ஆசிரியரிடம் கேட்டு, அன்று பிள்ளையை எப்படியாவது பள்ளிக்கு அனுப்பிவிடுங்கள்.

3. ஒரு கோப்பு தயார் செய்யுங்கள்

எங்கே போனாலும் முதலிலிருந்து கதை சொல்ல வேண்டியிருக்கும். ஒரே கோப்பில் இவை இருந்தால் பாதி நேரம் மிச்சம்:

பிறப்புச் சான்றிதழ் நகல், பிள்ளையின் ஆதார் நகல், பள்ளிப் பதிவில் பிள்ளைக்கு உள்ள எமிஸ் எண், கண்-காது பரிசோதனைச் சீட்டுகள், கடைசி இரண்டு முன்னேற்ற அட்டைகள், நீங்கள் எழுதிய பதினான்கு நாள் குறிப்பு, ஆசிரியர் ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுத்த கருத்து.

இவற்றோடு இரண்டு பொருளைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். ஒன்று, கர்ப்ப காலத்தில் கொடுத்த தாய் சேய் நல அட்டை. பிறந்தபோது எடை என்ன, உடனே அழுததா, மஞ்சள் காமாலை இருந்ததா என்று பேச்சுப் பயிற்சியாளர்கள் கேட்பார்கள். ஏழு வருடம் கழித்து நினைவிலிருந்து சொன்னால் கணவன் ஒன்று சொல்வான், மனைவி ஒன்று சொல்வாள். இன்னொன்று, பழைய வகுப்பு நோட்டுகள். பழைய பேப்பர்க்காரருக்குப் போட்டுவிடாதீர்கள். மகளின் முதல் வகுப்பு நோட்டைப் பிறகு புரட்டிப் பார்த்தபோது, பக்கத்துப் பிள்ளையின் நோட்டைப் பார்த்து எழுதிய பக்கங்கள் அப்பட்டமாகத் தெரிந்தன. பக்கத்துப் பிள்ளை செய்த பிழைகள்கூட அப்படியே இருந்தன. கரும்பலகை தெரியவில்லை என்பதற்கு அதைவிட என்ன சான்று வேண்டும்? ஒரு வருடம் எங்கள் கண்முன்னேதான் கிடந்தது.

4. ஆசிரியரைச் சந்திக்கும் முறை

காலையில் வாசலில் பிள்ளையை விடும்போது, பிள்ளையின் எதிரிலேயே, "எப்படி இருக்கிறாள் மிஸ்?" என்று கேட்காதீர்கள். ஐம்பது பேர் கேட்கிற இடத்தில் அவருக்கும் பதில் இருக்காது, இவளுக்கும் அவமானம். பள்ளி முடிந்தபின் பதினைந்து நிமிடம் வேண்டும் என்று முன்பே கேட்டு வாங்குங்கள். ஜூலை, ஆகஸ்ட் நல்ல மாதங்கள். காலாண்டு, அரையாண்டுத் தேர்வு வாரங்களிலும் ஆண்டு விழா நெருக்கத்திலும் போகாதீர்கள். கையில் விடைத்தாள் கட்டு வைத்திருக்கும் ஆசிரியரிடம் எந்த நியாயமும் எடுபடாது.

போனதும் புகார் சொல்லாமல் மூன்று கேள்வி கேளுங்கள். வகுப்பில் யாரிடமாவது பேசுகிறாளா? விளையாட்டு வேளையில் எங்கே நிற்கிறாள்? எந்த வேலையை அவளாக முன்வந்து செய்கிறாள்? மூன்றாவது கேள்விக்கு எங்களுக்குக் கிடைத்த பதில்: "சாக்பீஸ் எடுத்துவரச் சொன்னால் ஓடிப்போய் எடுத்துவருவாள்." அந்த ஒரு வரியில்தான் பிறகு எல்லாம் தொடங்கியது.

அதன்பின் நான்கு வேண்டுகோள் வையுங்கள், அதற்கு மேல் வேண்டாம். முன்வரிசையில் இடம். இரண்டு மாதத்துக்கு எதிர்பாராமல் எழுப்பிக் கேள்வி கேட்க வேண்டாம். நாளை எந்தக் கேள்வி கேட்கப்போகிறார் என்று இன்றே காதோடு சொல்லிவிட்டால் தயாராக வருவாள். பேச முடியாதபோது சிலேட்டில் எழுதிக் காட்டலாம் அல்லது தலையாட்டலாம். வகுப்பில் ஏதாவது ஒரு பொறுப்பு: வருகைப் பதிவேட்டை அலுவலக அறைக்குக் கொண்டுபோவது, செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது, எதுவாயினும் சரி. இதையே ஒரு தாளில் எழுதியும் கொடுங்கள். வாய்ப்பேச்சு ஒரு வாரத்தில் மறந்துவிடும்.

பட்டப்பெயர், கேலி, முட்டி போடவைப்பது போன்றவை நடந்தால் அது வேறு விஷயம். இலவசக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009-இன் 17-ஆவது பிரிவு, உடல் தண்டனையையும் மனரீதியான துன்புறுத்தலையும் தடை செய்கிறது. தேதியோடு எழுதி முதலில் தலைமை ஆசிரியரிடம் கொடுங்கள். நகலில் கையெழுத்து வாங்குங்கள். பலன் இல்லையென்றால் பள்ளிக் கல்வித் துறையின் 14417, குழந்தைகள் உதவி எண் 1098 இரண்டும் கட்டணமில்லாதவை. எடுத்த எடுப்பிலேயே அங்கே போகாதீர்கள். மீதி வருடம் முழுக்க அந்த வகுப்பில் உட்காரப்போவது உங்கள் பிள்ளை.

5. வாசிப்பில் ஓட்டை எங்கே என்று பாருங்கள்

கூச்சம் என்று நாம் நினைக்கிறவற்றில் சில, வாசிக்கத் தெரியாததை மறைக்கும் தந்திரம். தன் வகுப்புப் பாடப் புத்தகத்தைக் கொடுத்துச் சோதிக்காதீர்கள். அதில் பல பக்கம் மனப்பாடமாகியிருக்கும். முந்தைய வகுப்பின் தமிழ்ப் பாடநூலிலிருந்து, அவள் பார்க்காத ஒரு பத்தியைக் கொடுங்கள். தமிழ்நாட்டுப் பாடநூல்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. தடுமாறினால் இன்னும் ஒரு வகுப்பு கீழே போங்கள். எங்கே தடையில்லாமல் ஓடுகிறதோ அங்கிருந்து தொடங்க வேண்டும். கௌரவம் பார்க்காதீர்கள், மூன்றாம் வகுப்புப் பிள்ளை முதல் வகுப்புப் புத்தகம் வாசித்தால் யாரும் வழக்குப் போடமாட்டார்கள். அரசுப் பள்ளிகளில் 2022 முதல் நடக்கும் எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பார்த்துப் பிரித்துத்தான் கற்பிக்கிறார்கள். உங்கள் பிள்ளை எந்த நிலையில் இருக்கிறாள் என்று ஆசிரியரிடம் கேட்டால் சொல்வார்.

தினமும் பத்து நிமிடம், ஒரே நேரம், ஒரே இடம். எங்கள் வீட்டில் கேட்பவர் அப்பத்தா. அவருக்கு எழுத்துத் தெரியாது. அது பெரிய வரம். ஏனென்றால் பிழை பிடிக்க மாட்டார், "அப்புறம் அந்த நரி என்னாயிற்று?" என்று மட்டும்தான் கேட்பார். வாசிக்கத் தெரியாத ஒருவருக்கு வாசித்துக் காட்டும்போது பிள்ளையின் முதுகு நிமிர்வதை நீங்களே பார்ப்பீர்கள். புத்தகத்துக்குச் செலவு செய்யத் தேவையில்லை. ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் படிநிலை பிரித்து இலவசமாக உள்ளன. கிளை நூலகத்தில் உறுப்பினராக முகவரிச் சான்றும், எங்களிடம் வாங்கியபடி நூறு ரூபாய்க்குள் ஒரு தொகையும் போதுமாக இருந்தது. மதுரைக்காரர்களுக்கு நத்தம் சாலையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் இருக்கிறது. அதன் குழந்தைகள் பகுதியில் விட்டுவிட்டு நீங்கள் சற்றுத் தள்ளி உட்காருங்கள்.

6. பேச்சுக்குப் படிக்கட்டு கட்டுங்கள்

இதுதான் நீளமான வேலை. ஜூனில் தொடங்கினால் பொங்கலுக்குள் பலன் தெரியலாம். அதற்குமுன் எதிர்பார்த்தால் நீங்கள்தான் சோர்ந்துபோவீர்கள்.

வீட்டில் பேசுகிற பிள்ளை வகுப்பில் பேசுவதற்கு இடையில் குறைந்தது எட்டுப் படி இருக்கும். நாம் முதல் படியிலிருந்து எட்டாவது படிக்குத் தள்ளிவிட்டு, "விழுந்துவிட்டாளே" என்கிறோம். எங்கள் படிகளைச் சொல்கிறேன். உங்களுக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளுங்கள்.

அண்ணாச்சி கடையில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "கறிவேப்பிலை" என்ற ஒரே சொல். அடுத்த வாரம் நான் கடைக்கு வெளியே நின்றேன், அவள் காசு கொடுத்து மீதி வாங்கி வந்தாள். பிறகு தொலைபேசியில் அத்தையிடம் ஒரு விடுகதை. விடை அவளுக்குத் தெரியும், அத்தைக்குத் தெரியாது. ஆட்டம் அவள் கையில் இருக்கும்போது குரல் தானாக உயர்கிறது. பிறகு வகுப்புத் தோழி ஒருத்தியை, ஒருத்தியை மட்டும், ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு அழைத்துப் பல்லாங்குழி. நான்கு வாரம் அதே தோழி.

அடுத்துதான் பள்ளி. பள்ளி விட்டு எல்லோரும் போனபின், ஆசிரியையின் அனுமதியோடு காலி வகுப்பறையில் நானும் அவளும் பத்து நிமிடம் உட்கார்ந்தோம். முதல் நாள் கிசுகிசுத்தாள். நான்காம் நாள் கரும்பலகையில் எழுதி எனக்குப் பாடம் நடத்தினாள். இரண்டாம் வாரம் தோழியும் வந்தாள். மூன்றாம் வாரம் ஆசிரியை வகுப்பின் ஓரத்தில் நோட்டு திருத்துவதுபோல உட்கார்ந்தார், எங்களைப் பார்க்கவே இல்லை. பிறகு ஒரு நாள் நடுவில் ஒரு கேள்வி கேட்டார், ஆம், இல்லை என்று பதில் வரும் கேள்வியாக அல்லாமல், "சிவப்பா, நீலமா?" என்று தெரிவு செய்யச் சொல்லும் கேள்வி. "நீலம்" என்றாள். பள்ளிக்குள் ஆசிரியை காதில் விழுந்த முதல் சொல் அது. நான் எதுவும் சொல்லாமல் பையை எடுத்துக்கொண்டேன். அங்கே கைதட்டியிருந்தால் கெட்டுப்போயிருக்கும்.

விதி ஒன்றுதான்: ஒரு படியில் மூன்று முறை சிரமமில்லாமல் நின்றால் மட்டும் அடுத்த படி. ஒரு படியில் அழுகை வந்தால் அது உயரமான படி. நடுவில் இன்னொன்று கட்டுங்கள். ஷிப்டு வேலையில் இருப்பவன் நான். அந்த மூன்று வாரத்துக்கு மாலையில் இரண்டு மணி நேர அனுமதி ஒன்பது முறை வாங்கினேன். இந்தக் கணக்கில் பணத்தைவிட அதுதான் பெரிய செலவு. முன்கூட்டியே மேலாளரிடம் பேசிவையுங்கள்.

7. வீட்டில் நிறுத்த வேண்டியவை

விருந்தினர் முன் குறள் சொல்லச் சொல்வது. உடனே நிறுத்துங்கள். "மாமாவுக்கு வணக்கம் சொல்லு" என்று முதுகில் தட்டுவதையும். அவளுக்குப் பதிலாக நீங்கள் பேசுவதையும் சேர்த்து நிறுத்துங்கள். ஐஸ்கிரீம் கடைக்காரர் கேட்டால் மனதுக்குள் ஐந்துவரை எண்ணுங்கள். பெரும்பாலும் நான்கில் பதில் வந்துவிடும்.

"அத்தை மகனைப் பார், எப்படிப் பேசுகிறான்" என்பது பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அதன் தம்பி ஒன்று உண்டு: அவள் எதிரிலேயே மற்றவரிடம் "இவள் கூச்ச சுபாவம், பேசமாட்டாள்" என்று நாமே முந்திக்கொண்டு சொல்வது. மன்னிப்புக் கேட்பதாக நினைத்துச் சொல்கிறோம். அவள் காதில் அது தீர்ப்பாக விழுகிறது. "கொஞ்சம் பழகினால் பேசுவாள்" என்று மாற்றினேன்.

கண்ணாடி முன் "என்னால் முடியும்" சொல்லவைத்த என் கதைக்கும் ஒரு விளக்கம் கிடைத்தது. 2009-இல் வெளிவந்த உளவியலாளர் ஜோன் வுட் குழுவினரின் ஆய்வில், தன்னைப் பற்றித் தாழ்வாக நினைப்பவர்கள் தம்மைப் புகழும் வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னபோது, அப்படிச் சொல்லாதவர்களைவிட மோசமாகவே உணர்ந்தார்கள். ஆய்வு நடந்தது கல்லூரி வயதினரிடம். ஆனால் என் மகளின் முகத்தில் நான் பார்த்தது அதைத்தான். சொல்லும்போதே உள்ளே ஒரு குரல் "பொய்" என்கிறது. அதற்குப் பதில், நடந்ததைச் சொல்லுங்கள். "நீ கெட்டிக்காரி" வேண்டாம். "நேற்று மீதிக் காசைக் கேட்டு வாங்கினாய், அண்ணாச்சி முதலில் மறந்துவிட்டார்" என்பது போதும். அதை அவளால் மறுக்க முடியாது.

8. வகுப்புகளுக்குப் பணம் கட்டும் முன்

அபாகஸ், மேடைப் பேச்சு, ஆளுமை வளர்ச்சி, நினைவாற்றல் என்று எல்லா விளம்பரப் பலகையிலும் "தன்னம்பிக்கை" என்ற சொல் இருக்கும். மோசம் என்று சொல்லவில்லை. பேசுகிற பிள்ளையை மேலும் நன்றாகப் பேசவைக்கலாம். பேசாத பிள்ளையை வாரம் ஒருமுறை முப்பது பேர் முன் நிறுத்துவது ஆழம் தெரியாதவளைக் கிணற்றில் தள்ளுவதற்குச் சமம்.

கட்டுவதற்கு முன் கேளுங்கள்: ஒரு வகுப்பில் எத்தனை பிள்ளைகள்? ஒரு வகுப்பு உட்கார்ந்து பார்க்க அனுமதி உண்டா? பாதியில் நின்றால் பணம் திரும்புமா? எழுத்தில் தருவார்களா? ஆண்டுக் கட்டணம் கட்டினால் தள்ளுபடி என்றால் எழுந்து வந்துவிடுங்கள். என் 4,500 ரூபாய் அந்தத் தள்ளுபடியில்தான் போனது. இரண்டு வகுப்புக்குப் பின் அவள் போகவில்லை. திரும்பக் கேட்டதற்கு ரசீதின் பின்பக்கத்தைக் காட்டினார்கள்.

பதிலாக, உடம்பை அசைக்கிற, பேச்சு அவசியமில்லாத ஒன்றைப் பாருங்கள்: நீச்சல், சிலம்பம், பறை, ஓவியம். எங்களுக்குச் சிலம்பம் மாதம் 400 ரூபாய். ஆறு மாதத்தில் புதிதாக வந்த ஒரு பொடியனுக்குக் கம்பைப் பிடிக்கக் கற்றுக்கொடுத்தாள். கற்றுக்கொடுக்கும்போது பேசித்தானே ஆகவேண்டும்?

9. வெளி உதவி எப்போது

எல்லாவற்றையும் வீட்டிலேயே முடித்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். வீட்டில் நன்றாகப் பேசுகிற பிள்ளை, பள்ளியில் சேர்ந்த முதல் மாதத்தைக் கணக்கில் விட்டு, அதன்பின்னும் ஒரு மாதத்துக்கு மேல் அங்கே அடியோடு பேசாமல் இருந்தால் அது வெறும் கூச்சமாக இல்லாமல் தேர்ந்தெடுத்த மௌனம் என்ற பதற்ற நிலையாக இருக்கலாம். அது பிடிவாதம் அல்ல, அடித்தால் கூடும். பேச்சில் திக்கல் இருந்தால் பேச்சுப் பயிற்சியாளரைப் பாருங்கள். "நிதானமாகப் பேசு" என்று திருத்துவதை இன்றே விடுங்கள். எட்டு வயதாகியும் எழுத்துகள் குழம்பினால் கற்றல் குறைபாடு உள்ளதா என்று மதிப்பீடு செய்யச் சொல்லுங்கள். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 அதையும் 21 வகைகளில் ஒன்றாகச் சேர்த்திருப்பதால் சான்றும் சலுகையும் பெற வழி உண்டு. அரசுப் பள்ளி என்றால் வட்டார வள மையத்தில் சிறப்பாசிரியர் இருப்பார், கட்டணம் கிடையாது. டி.இ.ஐ.சி.யிலும் இலவசம்.

தூக்கம் கெடுவது, படுக்கையில் சிறுநீர் புதிதாகத் தொடங்குவது, "நான் செத்துப்போகிறேன்" போன்ற பேச்சு, குறிப்பிட்ட ஒரு பெரியவரைக் கண்டால் ஒளிவது: இவற்றில் எது தெரிந்தாலும் படிக்கட்டு, நோட்டு எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு அந்த வாரமே மருத்துவரைப் பாருங்கள். இரவானால் மனநல ஆலோசனைக்கு 14416, எந்நேரமும், கட்டணமின்றி. கடைசியாகச் சொன்ன அறிகுறிக்கு 1098.

தனியார் பேச்சுப் பயிற்சியில் நாங்கள் ஓர் அமர்வுக்கு 500 வீதம் எட்டு அமர்வு போனோம். ஒவ்வொரு அமர்வின் முடிவிலும் வீட்டில் செய்ய என்ன பயிற்சி என்று எழுதி வாங்குங்கள். அப்படி எழுதித் தராதவரிடம் இரண்டாவது முறை போகத் தேவையில்லை.

10. ஜூன் மாதம் மறுபடியும்

மூன்றாம் வகுப்பில் பொங்கல் விடுமுறை முடிந்த வாரம் மகள் எழுந்து நின்று நான்கு வரி வாசித்தாள். நாங்கள் பணி முடிந்தது என்று கோப்பைப் பரண்மேல் போட்டுவிட்டோம். நான்காம் வகுப்பு, புது ஆசிரியர், புது அறை. முதல் வாரமே பழையபடி வாய் மூடிக்கொண்டது. பதறாதீர்கள். புது இடத்தில் இது வரும். படிக்கட்டை மறுபடி ஏறினோம். முன்பு மாதங்கள் பிடித்ததற்கு இம்முறை மூன்று வாரம்.

ஏப்ரலில் பழைய ஆசிரியையிடம் ஒரு பக்கம் எழுதி வாங்கி, பள்ளி திறக்கும் முதல் வாரத்தில் புது ஆசிரியரிடம் கொடுங்கள். ஒரே பக்கம், பெரிய எழுத்து. எங்கள் தாளில் இருந்தது இவ்வளவு: கண்ணாடி போட்டிருக்கிறாள், முன்வரிசை வேண்டும். கேள்வியை முன்பே சொன்னால் பதில் சொல்வாள். இன்னாருடன் உட்கார்ந்தால் பேச்சு வரும். சாக்பீஸ் எடுத்துவரும் வேலை பிடிக்கும். கொடுப்பதற்கு முன் அவளிடமே வாசித்துக் காட்டி, ஏதாவது சேர்க்க வேண்டுமா என்று கேட்டேன். யோசித்துவிட்டு, கடைசி வரியாக இதை எழுதச் சொன்னாள்: "பாட மட்டும் கூப்பிட வேண்டாம். எனக்குப் பாட வராது."